சிலைக்கா, படத்துக்கா? நாஞ்சில் நாட்டில் நான்கு நாள்

ஜூலை 25, வெள்ளி. கன்னியாகுமரி

படகு ஓடவில்லை. காலை ஏழரைக்கே வரிசையில் போய் நின்றோம். எட்டேகால் ஆகியும் கதவு திறக்கவில்லை. பிறகு ஒருவர் வந்து, கடல் உள்வாங்கியிருக்கிறது, காற்றும் பலமாக அடிக்கிறது, எப்போது விடுவோம் என்று சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். நேற்று ஆடி அமாவாசை. முக்கடல் கூடும் இடத்தில் தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டத்தில் பாதி இன்னும் ஊர் திரும்பவில்லை போலிருக்கிறது. ஈரவேட்டியைத் தோளில் உலர்த்தியபடி ஆட்கள் அலைந்துகொண்டிருந்தார்கள்.

வரிசையோரம் பாசிமாலையும் சங்கும் விற்ற அம்மா சித்தியைப் பார்த்து, "அம்மாசிக்கு மறுநா கடலு இப்பிடித்தான் அக்கா. இன்னைக்கு ஓடாது. காலு கடுக்க நிக்காண்டாம், பைய ஊரச் சுத்திட்டு இன்னொரு நா வாங்கோ" என்றார். நாங்கள் அங்கேயே நின்றால்தான் அவருக்கு வியாபாரம். இருந்தும் போகச் சொன்னார். சித்தி அவரிடம் ஒரு சின்னச் சங்கு வாங்கினார், நாற்பது ரூபாய். பேரம் பேசவில்லை. சித்தி பேரம் பேசாமல் ஒரு பொருள் வாங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சித்திக்கு அறுபத்தெட்டு வயது. கும்பகோணம் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் முப்பத்தோரு வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். கவிமணியின் வெள்ளைப் பசுவும் கன்றுக்குட்டியும் அவர் வகுப்பில் மேயாத வருடமே இல்லை. "அந்த மனுஷர் பொறந்த ஊரை ஒரு தடவை பார்த்துடணும்டா" என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தேரூரில் பிறந்தது 1876 ஜூலை 27. அந்தத் தேதியில் அங்கே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பயணமே.

எனக்கு இன்னொரு ஆசையும் உண்டு. சின்ன வயதில் அப்பா வாங்கிய சோவியத் நாடு இதழ் ஒன்றில் மாஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்துப் படம் பார்த்தேன். 1880-இல் வைத்த சிலை. ஒரு கவிஞனுக்காக நகரத்தின் நடுவில் இத்தனை இடமா, அவன் காலடியில் யாரோ முகம் தெரியாதவர்கள் பூ வைத்துவிட்டுப் போகிறார்களா என்று அப்போது பிடித்த ஆச்சரியம் இன்னும் விடவில்லை. நம் பக்கம் அப்படி ஒரு எழுத்தாளனோடு சேர்த்து நினைக்கும் நாற்சந்தி எது என்று கேட்டால், எனக்கு முதலில் தோன்றுவது நாகர்கோவில்தான். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' அங்கேதான் நடக்கிறது. 1966-இல் வந்த நாவல். இருபது வயதில் படித்தேன். அந்தப் புளியமரம் நின்ற இடத்தில் நானும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

வள்ளுவரைக் கரையிலிருந்தே பார்த்தோம். 133 அதிகாரத்துக்கு 133 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு 38 அடிப் பீடம், பொருளுக்கும் இன்பத்துக்கும் சேர்த்து 95 அடிச் சிலை. கணபதி ஸ்தபதி கணக்குப் போட்டுச் செதுக்கி, 2000 ஜனவரி 1-இல் திறந்தது. இதெல்லாம் சித்திக்கு மனப்பாடம். சொல்லிக்கொண்டே வந்தவரின் குடையைக் காற்று ஒரே அடியில் தலைகீழாக மலர்த்திவிட்டது. கம்பி இரண்டு போயிற்று. சாரலில் நனைந்தபடியே அறைக்கு வந்தோம்.

மதியச் சாப்பாட்டில் எல்லாம் தேங்காய் எண்ணெய். சித்தி கூட்டை ஒதுக்கிவிட்டு ரசத்தோடு முடித்துக்கொண்டார்.

ஜூலை 26, சனி. நாகர்கோவில்

இந்த ஊரில் சதுக்கம் என்ற சொல்லே இல்லை. சந்திப்பு, முக்கு, மூடு. மூடு என்றால் மரத்தின் அடி. வேப்பமூடு என்றால் வேம்பின் அடி. மாவட்டம் முழுக்க மாமூடு, ஆலமூடு, புளியமூடு என்று பெயர்கள் இருக்கின்றன. பஸ்ஸுக்குக் காத்திருக்கவும், சுமை இறக்கவும், வம்பு பேசவும் முதலில் ஒரு மர நிழல். அதைச் சுற்றிப் பிறகு கடை, பிறகு ஊர். பெயரே இதைச் சொல்லிவிடுகிறது. மரத்தடியில் உட்கார்ந்த ஒருவர்தான் இந்த ஊரின் கதையை எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது.

காலையில் ஆப்பமும் கடலைக்கறியும். இருவருக்கும் நூற்றுப்பத்து ரூபாய். பரிமாறிய பையன் சித்தி கேட்காமலே இன்னொரு கரண்டி கடலைக்கறி ஊற்றிவிட்டு, "இதுக்குக் காசு இல்ல" என்றான். சித்தி அதற்காகவே இன்னொரு ஆப்பம் வாங்கினார்.

மணிமேடை சந்திப்புக்கு வந்தபோது பத்து மணி. திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1893-இல் திறந்த மணிக்கூண்டு. அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாலையைக் கடந்தேன். செருப்பின் வார் அறுந்தது. பஸ்ஸும் பைக்கும் மொய்க்கிற இடத்தில் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு ஓரத்துக்கு வந்தால், பத்தடி தள்ளி ஒரு செருப்புத் தைக்கிறவர் குடைக்கடியில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயது இருக்கும். தான் உட்கார்ந்திருந்த சின்ன முக்காலியைச் சித்திக்குத் தள்ளிக் கொடுத்துவிட்டுத் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

சந்திப்பில் கலைவாணர் சிலை இருக்கிறது. பக்கத்து ஒழுகினசேரியில் பிறந்தவர் அவர். சிரிக்க வைத்தவருக்கு ஊர் தன் நடுவில் இடம் கொடுத்திருப்பது மனசுக்கு நிறைவாக இருந்தது. "புளியமரம் நின்ற சந்திப்பு எது அண்ணே?" என்று செருப்பு அண்ணனிடம் கேட்டேன்.

ஊசியை நிறுத்தவில்லை. "அந்தக் கதையில வருமே, அதுவா? அது வேப்பமூடுதான் தம்பி. எனக்க அப்பா அந்த மூட்டுல நின்னாக்கும் பஸ் ஏறுவாரு."

இரும்புக்கடைக்காரர் ஒருவர் பிய்ந்த பையைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். உடனே மறுத்தார். "வேப்பமூட்டுல எப்பிடிவே புளி நிக்கும்? பேரே வேம்புல்லா! அது வேற இடமாக்கும்." கையை வடசேரிப் பக்கம் நீட்டினார். அதற்குள் லாட்ஜுக்கு வழி கேட்க வந்த கல்லூரி மாணவன், "சார், அது நாவல். நிஜ மரமா இருக்கணும்னு என்ன இருக்கு?" என்றான். அவன் அதை வகுப்பில் பாடமாகப் படித்திருக்கிறான். இரும்புக்கடைக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. "லேய் மக்கா, மரம் இல்லாமலா அந்த மனுசன் எழுதினாரு?"

கால் மணி நேரம் ஓடியது. புளியங்காய் ஏலம், பக்கத்தில் இருந்த குளம், குளத்தைத் தூர்த்தது, தோப்பை வெட்டியது என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. எது நாவலில் வந்தது, எது அவர்கள் அப்பாவும் தாத்தாவும் சொன்னது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. நாவலில் தாமோதர ஆசான் என்று ஒரு கிழவர் வருவார். பையன்களைச் சுற்றி உட்கார வைத்து மரத்தின் பழங்கதையைச் சொல்வார். அவர் சொல்வதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு ஆசான் சேர்த்தது என்று கேட்கிற பையன்களுக்கும் தெரியாது, கேட்கவும் மாட்டார்கள். சித்தி முக்காலியில், நான் ஒற்றைச் செருப்போடு, நடுவில் அறுந்த வார். நான் தேடி வந்த இடம் கிடைத்துவிட்டது போலவே இருந்தது. மரம் எங்கே நின்றிருந்தாலும் சரி.

தைக்க முப்பது ரூபாய். ஐம்பதாகக் கொடுத்தேன். இருபதைத் திருப்பிக் கையில் வைத்துவிட்டார்.

வேப்பமூட்டுக்கும் நடந்தோம். காமராஜர் சிலை, நேசமணி சிலை. 1956 நவம்பர் 1-இல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்குப் போராடியவர்களில் முதல் பெயர் நேசமணிதான். அவர்களுக்கு இங்கே இடம் இருப்பது நியாயம். ஆனால் இரண்டு சந்திப்பிலும் சித்தியின் கண் தேடியது ஒரு எழுத்தாளனை. "நாளைக்கு கவிமணி பொறந்த நாள். மாலை எங்கே போடறதுடா?" என்றார். நாங்கள் நடந்து பார்த்த வரையில் அவருக்கு ஒரு சிலை எங்கள் கண்ணில் படவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. சுந்தர ராமசாமியின் மரக்கதையை ஹீப்ரு மொழியில்கூடப் பெயர்த்திருக்கிறார்கள். எங்கோ ஜெருசலேமில் உட்கார்ந்து ஒருவர் இந்தச் சந்திப்பைக் கற்பனை செய்கிறார். அந்தக் கதையின் பெயரில் இங்கே ஒரு கல்லாவது நட்டு, இரண்டு பெஞ்சு போட்டு, ஒரு புளியங்கன்று வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

சாயங்காலம் ரசவடை. சூடான ரசத்தில் பருப்பு வடை ஊறி, வாயில் வைத்ததும் கரைகிறது. ஒன்று பன்னிரண்டு ரூபாய். ஆளுக்கு மூன்று. இரவு நான் மட்டும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டேன். கிழங்கை மசித்து அதன்மேல் சிவக்கச் சிவக்கக் குழம்பு. கண்ணில் தண்ணீர் வந்தது, கை நிற்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு. புத்தேரி, தேரூர்

காலையில் பூக்கடை. தோவாளைப் பூ. பிச்சியும் கொழுந்தும் அரளியும் கலந்து ஒரு வாடை, தெரு முனையிலேயே தெரிந்துவிடுகிறது. சித்தி மாலை கேட்டார். பூக்காரர் நூலைப் பல்லில் கடித்தபடி கேட்டார்: "சிலைக்கா, படத்துக்கா?"

சித்தி என்னைப் பார்த்தார்.

"சிலைன்னா பெருசா கட்டணும், ஏறிப் போட ஆளும் வேணும். படம்னா ரெண்டு முழம் போதும். யாருக்காக்கும்?"

"கவிமணிக்கு."

பூக்காரர் கொஞ்சம் யோசித்தார். "தேரூருக்குத்தான போறிய? நடுவுல ஒரு அளவாக் கட்டித் தாரேன். ரெண்டுக்கும் ஒக்கும்." வாழை இலையில் சுற்றி, நாரால் கட்டிக் கொடுத்தார். எண்பது ரூபாய்.

பஸ்ஸில்தான் தப்பு நடந்தது. நான் கேட்டது தேரூர். கண்டக்டர் காதில் விழுந்தது தேரேகால்புதூர். நின்றுகொண்டிருந்த கூட்டத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. டிக்கெட்டைப் பார்க்காமல் பையில் வைத்தவன் நான். சித்திக்கு மகளிர் இலவசப் பயணம் என்பதால் அவர் டிக்கெட்டையும் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. இறங்கிய பிறகுதான் தெரிந்தது, ஊரின் வேறு திசைக்கே வந்துவிட்டோம். சாரல் வேறு. குடை ஏற்கெனவே போய்விட்டது. சித்தி மாலைப் பொட்டலத்தைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு.

ஆட்டோக்காரர் ஒருவர் விவரம் கேட்டார். "தேரூரு அந்தப் பக்கம். ஆனா கவிமணியத் தேடித்தான் வந்திருக்கியன்னா, புத்தேரி இங்கண பக்கம்தானே? அவரு கடைசி வர இருந்தது அங்கேயாக்கும். பாத்துட்டு அப்பிடியே தேரூர்ல விட்டுடுதேன்."

வழி தவறியதால்தான் புத்தேரி கிடைத்தது. அது கவிமணியின் மனைவி உமையம்மையின் ஊர். முப்பத்தாறு வருடம் ஆசிரியராக இருந்து, 1931-இல் ஓய்வு பெற்று, இங்கேதான் வந்து தங்கினார். 1954 செப்டம்பர் 26-இல் மறைந்தார். பிள்ளை இல்லை. 'பிள்ளை இல்லாதவர்தான் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டு எழுதினார்' என்பதை சித்தி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். புத்தேரியில் சொல்லவில்லை. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, குளத்துப் பக்கம் இறங்கி, தண்ணீரைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நின்றார். நான் கிட்டப் போகவில்லை.

தேரூருக்கு வர மணி பதினொன்று. ஆட்டோ முந்நூறு ரூபாய். தேரூர்க் குளம் சுசீந்திரம் குளத்தோடு சேர்ந்து 2022-இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் ஏறிய இடம். வலசைப் பறவைகள் ஐப்பசிக்கு மேலேதான் வரும் என்றார் ஆட்டோக்காரர். கூழைக்கடாக்கள் மட்டும் நாலைந்து, தண்ணீரில் மூட்டை மிதப்பது போல மிதந்தன. கரைக்கு அந்தண்டை கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் பச்சையும் மஞ்சளுமாக நின்றது. தஞ்சாவூர்க்காரியான சித்திக்கு வயலைப் பார்த்ததும்தான் முகம் தெளிந்தது.

கவிமணி பெயரைச் சொன்னதும் வழி காட்டாதவர் இல்லை. ஆனால் ஆளுக்கொரு பக்கம் காட்டினார்கள். மழை வலுத்ததும் ஒரு படிப்பகத்துத் திண்ணையில் ஏறினோம். உள்ளே நாலு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் காந்தி, நேரு, பக்கத்தில் தலைப்பாகை கட்டிய கவிமணி. கண்ணாடிச் சட்டம் போட்ட படம், ஓரம் செல்லரித்திருந்தது.

சித்தி பொட்டலத்தைப் பிரித்தார். அவ்வளவு நேரமும் வாழை இலைக்குள் பூ வாடாமல் இருந்தது.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். எதற்கு, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சித்தி தான் ஒரு டீச்சர் என்று மட்டும் சொன்னார். பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு பெஞ்சின்மேல் ஏறினார். வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். மாலையைப் போட்டுவிட்டு, இறங்கி, தள்ளி நின்று பார்த்து, "அளவு சரியா இருக்கு டீச்சர்" என்றார்.

பிறகு கட்டன் சாயா வந்தது. காசு கொடுக்க விடவில்லை. பேச்சு மருமக்கள் வழிக்குப் போயிற்று. சித்திக்குக் குழந்தைப் பாட்டுகள் தெரியும், 'ஆசிய ஜோதி' தெரியும், 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' பெயரளவில்தான் தெரியும். பெரியவர் சொன்னார்: இங்கே வெள்ளாளர் வீடுகளில் மாமன் சொத்து சகோதரி மகனுக்குப் போகும். பெற்ற பிள்ளைக்கும் கட்டிய மனைவிக்கும் பெரிதாக உரிமை கிடையாது. புருஷன் கண்ணை மூடினால் அவர்கள் தெருவில். கவிமணி அதை ஒருவனுடைய ஐந்தாவது மனைவி புலம்புகிற மாதிரி எழுதினார். படித்தவர்கள் சிரித்தார்கள், சிரித்து முடித்ததும் உறுத்தியது. 1926-இல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்களுக்கென்று சட்டம் வந்து அந்த முறை மாறியது. "எனக்க பாட்டிக்கு வீடு நின்னது அதுக்குப் பிறவுதான்" என்றார் பெரியவர். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

சித்தி சாயாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "முப்பத்தோரு வருஷம் பசுவையும் கன்னுக்குட்டியையும் மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கேனேடா" என்றார் என்னிடம், வெளியே வந்த பிறகு.

தாத்தாவைக் கூப்பிட வந்த ஒரு சிறுமிக்கு அந்தப் பசுப்பாட்டு தெரிந்திருந்தது. இரண்டு வரி வரைக்கும். மூன்றாவது வரியைச் சித்தி எடுத்துக் கொடுத்தார், அவள் பிடித்துக்கொண்டாள்.

மதியம் நாகர்கோவிலில் இலைச் சாப்பாடு, 120 ரூபாய். அவியல், எரிசேரி, பருப்பு, சாம்பார், புளிசேரி, ரசம். கடைசியில் பாயசத்தை இலையிலேயே ஊற்றி, மட்டிப்பழத்தையும் பப்படத்தையும் நொறுக்கிப் பிசைந்து சாப்பிடச் சொன்னார் எதிரே உட்கார்ந்திருந்தவர். எங்கள் பக்கம் இப்படி இல்லை. சித்தி சொன்னபடியே செய்தார். அவியலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார், அதே தேங்காய் எண்ணெய் அவியல்.

ஜூலை 28, திங்கள். மறுபடி கன்னியாகுமரி

படகு ஓடியது. வரிசை ஒன்றே முக்கால் மணி நேரம். சங்கு விற்ற அம்மா எங்களை அடையாளம் கண்டு, "வந்துட்டியளா!" என்று கையை ஆட்டினார்.

விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவர் பாறைக்குப் போகும் கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் நீளம். 2024 டிசம்பர் 30-இல் திறந்தது. காலுக்குக் கீழே அலை பாறையில் மோதி வெள்ளையாகச் சிதறுவது தெரிகிறது. சித்தி கண்ணாடியை விட்டு ஓரமாகவே, கைப்பிடியைப் பிடித்தபடி வந்தார். பாதியில் நின்றுவிட்டார். பின்னால் வந்த வட இந்தியக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, மொழி தெரியாமலே, சித்தியின் இன்னொரு கையைப் பிடித்துக் கடைசிவரை கூட்டிக்கொண்டு வந்து விட்டுப் போனாள். பெயர்கூடக் கேட்கவில்லை நாங்கள்.

2004 சுனாமியில் அலை எழும்பி அடித்தபோதும் இந்தச் சிலை அசையவில்லை. பீடத்துக்குள் படியேறி வெளியே வந்தால் நேர் மேலே அவர். இவ்வளவு கிட்டத்தில் முகம் தெரியாது, கால் விரல்தான் தெரியும். ஒவ்வொரு விரலும் ஆள் உயரத்துக்குக் குறைவில்லாத மாதிரி இருந்தது எனக்கு. உப்புக்காற்றில் கல் பிசுபிசுத்தது. அதன்மேல் சித்தி உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தவர், என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"அந்தப் பூக்காரர்கிட்ட இவருக்குன்னு கேட்டா, எத்தனை முழம்டா சொல்லியிருப்பார்?"

சாயங்கால ரயில். ஆரல்வாய்மொழி தாண்டும்போது காற்றாலைகள் இருட்டில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு சீப்பு வாங்கிய மட்டிப்பழத்தில் பாதி நசுங்கிவிட்டது. மீதியை எதிர் இருக்கைப் பிள்ளைகளோடு பங்கு போட்டோம். அவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் சித்தி பசுவையும் கன்றையும் ஆரம்பித்துவிட்டார்.